நம்பிராஜன் பக்கத்தில் எதுவும் கெடாது

வேம்படித்துறையில் மீன் ஏலக் கூடத்துக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், வடிவு உறை ஊற்றி மூடிவைத்த பால் மறுநாளும் பாலாகவே இருந்தது, அதற்கு மறுநாளும் பாலாகவே இருந்தது, ஆட்டி வைத்த இட்லி மாவு ஒரு குமிழி கூட விடாமல் கரைத்த சுண்ணாம்பு போலச் சட்டியின் பாதியில் கிடந்தது, சாமி படத்தில் போட்ட பிச்சிச்சரம் நேற்றுப் பறித்ததா இன்று பறித்ததா என்று சாமிக்கே தெரியாத அளவுக்குப் புதுசாக இருந்தது. மோர் சரியில்லை என்று பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்திடம் உறைமோர் வாங்கினாள். மழைக்குளிர் என்று சட்டியைக் கோணி சுற்றி அடுப்பங்கரையில் வைத்தாள். உளுந்து சரியில்லை என்று பலசரக்குக் கடைக்காரரிடம் சண்டைக்கும் போய்வந்தாள். சண்டை போட்ட களைப்பில் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான், வேலை முடிந்து வந்த புருஷன் தன்னைத் தாண்டி உள்ளே போயும் தன் கண் கரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

புருஷன் பெயர் நம்பிராஜன். ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் இருந்த பார்மலின் குடோனில் அவனுக்கு வேலை. டேங்கர் லாரியில் வருகிற சரக்கைக் கேன் கேனாகப் பிடித்து மூடி அனுப்ப வேண்டும். பார்த்தால் தண்ணீர்தான், மூடியைத் திறந்தால் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டும், மூக்கு எரியும், தொண்டை அடைக்கும். பிளைவுட் கம்பெனிக்குப் பசை காய்ச்ச அது போகும், கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணைக்குக் கிருமி கொல்லப் போகும், தோல் பதனிடுகிற இடத்துக்குப் போகும், மருத்துவக் கல்லூரியில் பிள்ளைகள் அறுத்துப் படிக்கிற உடம்புகள் அழுகாமல் கிடப்பதற்கும் போகும். மார்கழிக் குளிரில் கேனின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும் என்பதால், அந்த மாதங்களில் அதைச் சூடான அறையில் வைத்துப் பச்சைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வான்.

கல்யாணமான புதிதில், அவன் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அழுதுகொண்டே துவைத்த வடிவு, "அப்படி என்னதான் செய்யும் அந்தக் கழுத?" என்று கேட்டிருக்கிறாள்.

"நிறுத்திப்போடும்" என்றான் அவன். "அழுகுததையும் நிறுத்தும், வளருததையும் நிறுத்தும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அந்த வாடைதான் அந்த மழையோடு அவனை விட்டுப் போயிருந்தது. சட்டையில் இல்லை, தலைமுடியில் இல்லை, தலையணையில் இல்லை. குணம் மட்டும் போகாமல் அவனிடமே தங்கிவிட்டது. அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்த இடத்தில் மறுநாள் அதே நேரம் வரைக்கும் எதுவும் கெடாது, எதுவும் புளிக்காது, எதுவும் வளராது, அது ஒரு சின்ன வீட்டளவு தூரம் பரவும், அதற்கு மேல் போகாது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் வேம்படித்துறையில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களும் அதிகம் பேர் இல்லை, அவனை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதிலேயே ஊருக்குப் பொழுது சரியாக இருந்தது.

முதலில் முந்திக்கொண்டது மீன்காரப் பெண்கள். ஏலத்தில் எடுத்த சாளையும் ஊளியும் வெயில் ஏற ஏறக் கண் மங்கிப்போகிற கவலை அவர்களுக்குத் தலைமுறைக் கவலை. குடோனுக்குப் போகிற வழியில் நம்பிராஜனைப் பிடித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் கூடைகளை அடுக்கி, "கொஞ்சம் இருங்க அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரந்தான்" என்பார்கள். மறுநாள் மத்தியானமும் மீனின் செவுள் செக்கச்செவேலென்று இருந்தது. யாரோ பொறுக்காமல் புகார் எழுதிப்போட, சுகாதார அதிகாரிகள் வந்து மீனில் பார்மலின் தடவியிருக்கிறதா என்று சோதனைக் காகிதத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்தார்கள், காகிதம் நிறம் மாறவேயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லாததால், அவர்களும் ஒரு டீ குடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு கிலோ ஊளி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு பூக்கடைக்காரர்கள் வந்தார்கள், பந்தி மிஞ்சிய கல்யாண வீட்டார் வந்தார்கள், வெளிநாட்டில் இருக்கிற மகன் வந்து சேரும்வரை செத்த அப்பாவைக் கெடாமல் வைத்திருக்க வேண்டிய துட்டி வீட்டார் வந்தார்கள். நம்பிராஜன் தலைமாட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வருவான். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் மட்டும் அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேக்கரிக்காரர், மாவு உப்பவில்லை என்று அழாத குறையாக வந்து நின்று, அவன் நடமாட்டத்தைத் தெருவின் எதிர்ச்சாரிக்கு மாற்றிக்கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். தங்கபுஷ்பம் தன் ஆட்டுரலையும் மாவுச் சட்டியையும் வீட்டின் மறுகோடிக்குத் தள்ளிவைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான் நம்பிராஜன். மாட்டேன் என்ற சொல் அவன் வாயில் என்றைக்குமே கிடையாது. அவனுக்குக் கோபம் கூட வராது, வந்தாலும் புளித்துப் பொங்குகிற அளவுக்கு அது அவனுக்குள் நிற்காது.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வடிவின் வயிற்றைத் தவிர.

வாடை போன அந்த வாரம்தான் அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிள்ளை. வளைகாப்புக்கு நாள் குறித்து, மேலப்புளியூரிலிருந்து அம்மா ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொண்டு வந்து, ஊர்ப் பெண்கள் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி, எல்லாம் முறைப்படி நடந்தது. வளையல் போட்ட கையோடு பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், பிள்ளையோடுதான் திரும்பி வரவேண்டும். அதுதான் வழக்கம். வடிவு போகவில்லை. "இவுகளுக்கு என்னமோ ஆயிருக்கு, ஒரு வாரம் பாத்துட்டு வாரேன்" என்று அம்மாவை மட்டும் பஸ் ஏற்றிவிட்டாள். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. மாதம் போயிற்றே தவிர வயிறு அப்படியே நின்றது. நர்ஸம்மா அடிவயிற்றில் கருவியை வைத்துப் பார்த்து, இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, பிள்ளை அசைகிறது, ஆனால் போன தடவை இருந்த அளவுதான் இருக்கிறது என்றாள். அடுத்த தடவையும் அதையே சொன்னாள். வேம்படித்துறை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பெயரைக் கூப்பிடும்போது வடிவின் பெயர்தான் எப்போதும் முதலில் வந்தது. அவளுக்குப் பின்னால் பெயர் கொடுத்தவர்கள் பெற்று, பால் மறக்கடித்து, அடுத்ததற்குப் பெயர் கொடுக்க வந்தார்கள். தன்னோடு ஒரே மாதத்தில் குளி தவறிய தங்கபுஷ்பம் பெற்ற மகள் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது, வடிவு கதவைச் சாத்திக்கொண்டு தலைவலி என்று படுத்துவிட்டாள்.

என்ன செய்யவேண்டும் என்பது தெரியாமல் இல்லை. அம்மா வந்தபோதெல்லாம் சொன்னாள், நர்ஸம்மா சொன்னாள், நம்பிராஜனே சொன்னான். "நீ எம் பக்கத்துல இருந்தா அது வளராது, வடிவு. உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வா. நான் எங்க போயிரப் போறேன்?"

எங்கேயும் போகமாட்டான். அதுதான் அவளுக்குப் பயம். கூப்பிட்ட இடத்தில் உட்காருகிற மனுசன், உட்காரச் சொன்னவள் எழுந்திரு என்று சொல்லும்வரை உட்கார்ந்திருப்பான். தான் இல்லாத வீட்டில், கதவும் அடைக்கத் தெரியாத இந்த ஆளை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அவளுக்குப் பட்டது. மீன்காரப் பெண்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பை ஏலக் கூடத்தின் சுவரோரம் நின்று கேட்டிருக்கிறாள். பூக்கடைக்காரி ஒருத்தி "அண்ணாச்சி கை பட்ட பூ" என்று கூவி விற்றதைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சாப்பாடு போடவில்லை. மற்றப் பெண்களுக்கும் பொறாமை வரும், வந்து ஒரு வாரம் கொதிக்கும், பிறகு ஆறிப் பழகி, ஒருநாள் கேலிப்பேச்சாகக் கூட ஆகிவிடும். வடிவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அந்த வீட்டில் எதுவும் பழசாகாது. முதல் நாள் எழுந்த பொறாமை அதே சூட்டோடு, அதே காரத்தோடு, காலையில் அவளோடு எழுந்து, ராத்திரி அவளோடு படுத்தது.

அந்தப் பொறாமைக்கு ஒரு பெயரும் இருந்தது. சொர்ணக்கிளி.

சொர்ணக்கிளி இரண்டு தெரு தள்ளி இருந்தாள், வடிவைவிட மூத்தவள், பிள்ளை இல்லை. அவள் புருஷன் ஆத்தியப்பன் ஒரு காலத்தில் விசைப்படகு ஓட்டினவர். நுரையீரல் கெட்டு, இனி ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய நாளில், சொர்ணக்கிளி நேராக நம்பிராஜனிடம் வந்து நின்றாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நம்பிராஜன் அந்த வீட்டுக்குப் போய், கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆத்தியப்பனோடு தாயம் விளையாடிவிட்டு வருவான். நோய் அன்றைக்கு இருந்த இடத்திலேயே நின்றது. அந்த ஒரு மாதம் முடியவேயில்லை.

இதெல்லாம் வடிவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது? அந்த வீட்டில் மூன்று பேர், அதில் ஒருவரால் எழுந்திருக்க முடியாது, மிச்சம் யார் யார் என்று அவள் மனது சாயங்காலம் ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நம்பிராஜன் திரும்பி வந்து, "கிளியக்கா காப்பியில சுக்கு கொஞ்சம் தட்டிப் போடுதாக, நல்லாருக்கு" என்பான், கள்ளம் இல்லாதவன் சொல்கிற மாதிரியே சொல்வான். மறுநாள் வடிவு போட்ட காப்பியில் சுக்கு காரத்தில் அவனுக்குப் புரையேறும். சொர்ணக்கிளியின் தலையில் ஒரு பிச்சிச்சரம், அவள் வருகிறபோதெல்லாம் அதே சரம், வாடாத அதே வெள்ளை. அவன் உட்கார்ந்து எழுகிற வீட்டில் பூ வாடாதுதானே, தன் வீட்டுச் சாமி படத்திலும் வாடவில்லைதானே என்று ஒரு வடிவு சொன்னாள். அவன் வாடவிடாத பூவை இவள் எதற்குத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கிறாள் என்று இன்னொரு வடிவு கேட்டாள். இரண்டாவது வடிவின் குரல்தான் எப்போதும் ஓங்கியிருந்தது.

இதற்கிடையில் வேம்படித்துறைப் பெண்கள் இந்த வயிற்றையும் தங்கள் வழக்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். போன வளைகாப்பு நேரம் சரியில்லை, அதனால்தான் பெண் தாய்வீடு போகவில்லை என்று யாரோ சொல்ல, அடுத்த ஐப்பசியில் இன்னொரு தடவை வளையல் போட்டார்கள். அதற்கும் அவள் போகாததால் அதற்கு அடுத்த ஐப்பசியிலும். பிறகு அது ஊர்க் கோயில் கொடைவிழாவைப் போலவே ஆகிவிட்டது. வளையல்காரர் தெருமுனையில் கடை போட்டார். பிள்ளை இல்லாத பெண்கள் வடிவின் கையில் ஒரு வளையல் போட்டு, அவள் கையிலிருந்து ஒரு வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனால் அடுத்த வருசம் அவர்களுக்குக் கரு தங்கியது. அடுக்கிய வளையல் முழங்கை வரை ஏறி, கையைத் தூக்கமுடியாமல், அவள் நடுவில் உட்கார்ந்து மற்றவர்கள் வயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒவ்வொரு வருசமும் ஐந்து வகைச் சாதத்தோடு வந்தாள், ஒவ்வொரு வருசமும் காலித் தூக்குச்சட்டிகளோடு தனியாகப் பஸ் ஏறினாள். அம்மாவின் தலை முழுக்க நரைத்துவிட்டது. வடிவின் தலையில் ஒரு முடி நரைக்கவில்லை.

அப்படி ஒரு வளைகாப்பின்போதுதான் சொர்ணக்கிளி வரிசையில் வந்து, வடிவின் கையைப் பிடித்து, பச்சை வளையல் ஒன்றை மெதுவாக ஏற்றிவிட்டு, காதருகே குனிந்து சொன்னாள்.

"இந்தத் தடவையாவது கிளம்பு, வடிவு. அவுகளப் பத்தி நீ கவலப்படாத. நான் பாத்துக்கிடுதேன்."

ஆறுதலாகச் சொன்ன சொல்தான். வடிவின் காதில் அது கத்தியாக இறங்கியது. பாத்துக்கிடுவாளாம். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, பூ வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, என் புருஷனை இவள் பார்த்துக்கொள்வாளாம். கை நிறைந்த வளையலோடு அவளைப் பிடித்துத் தள்ளியிருப்பாள், சபை என்று பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நம்பிராஜன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "தல சுத்துது. எங்கயும் போகாதீக. எம் பக்கத்துலயே இருங்க."

"ஆத்தியப்பண்ணன் எதிர்பாத்துக்கிட்டு இருப்பாரு…"

"நான் உங்களுக்கு முக்கியமா, அவரு முக்கியமா?"

மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவனிடம் முதலில் கேட்டவள் ஜெயித்தாள். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தான். இருட்டுகிற நேரத்தில் சொர்ணக்கிளி வாசலில் வந்து நின்றாள். வடிவு எழுந்துபோய்க் கதவைப் பாதி திறந்து, உள்ளே கேட்காத குரலில், "அவுக தூங்குதாக" என்றாள். சொர்ணக்கிளி அவள் தோளுக்கு மேலாக ஒரு நிமிஷம் பார்த்தாள். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வடிவுக்குத் தலை சுற்றியது. மறுநாளும் சொர்ணக்கிளி வந்தாள், கேட்டாள், போனாள். அதற்கு மறுநாள் அவள் வரவில்லை. வடிவுக்கு அப்படி ஒரு நிம்மதி, அத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சோறு வடித்தாள்.

வடித்த சோற்றைப் பரிமாறும்போது இரண்டு தெரு தள்ளிச் சாவு மேளம் கேட்டது.

நம்பிராஜன் சோற்றில் கை வைத்தபடி கேட்டான். "யாரு வீட்டுல?" அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்தான். "கிளியக்கா வந்தாகளா, வடிவு?"

"வந்தாக."

"ஏன்ட்டி சொல்லல?"

அவன் கத்தியிருந்தால், ஒரு அறை அறைந்திருந்தால் கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் சுவரோடு சாய்ந்து நின்று சத்தமில்லாமல் அழுதான். மூடியைத் திறந்த கேனுக்கு முன்னால் நிற்கிறவனைப் போலக் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

துட்டி வீட்டில், தூத்துக்குடியிலிருந்து ஆத்தியப்பனின் தம்பி வந்து சேரும்வரை நம்பிராஜனைத் தலைமாட்டில் உட்காரச் சொல்லலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் சொர்ணக்கிளியிடம் கேட்டார்கள். "வேண்டாம்" என்றாள் அவள். "எல்லாரும் போற மாதிரி போகட்டும்." நம்பிராஜன் தெருக்கோடியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினான். சொர்ணக்கிளியின் தலையில் இருந்த பிச்சிச்சரத்தை எடுத்துக் கூடத்தில் வைத்தார்கள், மறுநாள் மத்தியானத்துக்குள் அது கருகிச் சருகாகிவிட்டது என்று தங்கபுஷ்பம் வந்து சொன்னாள்.

இப்போது வடிவுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. முன்பாவது அந்த வீட்டில் கட்டிலில் ஒருவர் கிடந்தார். இனி அதுவும் இல்லை. ஒண்டிக்கட்டையாகிவிட்ட ஒருத்தி, அவளுக்காக அழுகிற ஒருவன். தானே தன் கையால் வழியைத் திறந்துவிட்டோமே என்று நினைத்து நினைத்து, அந்த நினைப்பை நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, இனி செத்தாலும் இந்த வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தாள். செத்துப்போனவருக்காக அழுகை வரவேண்டிய இடத்தில் இதுதான் வந்தது. அது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வந்தது. வயிற்றுக்குள் பிள்ளை மட்டும் எப்போதும் போல ஒரு உதை உதைத்துவிட்டுப் புரண்டு படுத்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சொர்ணக்கிளி கொல்லைப்புற வழியாக வந்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து, கையில் ஒரு மஞ்சப்பை. நம்பிராஜன் குடோனுக்குப் போயிருந்தான்.

"உக்காருங்கக்கா" என்றாள் வடிவு.

"உக்கார வரல. உங்கம்மா ஊருக்குப் பஸ் எப்ப?"

"எதுக்கு?"

"நீ கிளம்பு. நானும் உங்கூட வாரேன்."

வடிவு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இங்க இருந்தா நீ போகமாட்ட" என்றாள் சொர்ணக்கிளி. "உங் கண்ணு முன்னால நான் இருந்தா உனக்கு என்ன பயம்? பிள்ள பிறக்கிற வரைக்கும் உன் பக்கத்துலயே கிடக்கேன். நீ என்னையப் பாத்துக்கிட்டே இரு."

இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அத்தனை வருசமும் தெரிந்திருக்கிறது. வடிவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"யக்கா, அன்னைக்கு அவுக தூங்கல."

"தெரியும். உந் தோளுக்கு அந்தப் பக்கம் அவுக கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தது தெரிஞ்சுது."

"பிறகு ஏன் ஒரு சத்தம் கொடுக்கல? ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருப்பாகளே."

சொர்ணக்கிளி மஞ்சப்பையைக் கீழே வைத்தாள். "அவரு 'என்னைய விட்டுரு, விட்டுரு'ன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு. தாயம் உருட்டுதப்பல்லாம் சிரிப்பாரு, உங்க வீட்டுக்காரரு போன பிறகு என் கையப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் கேப்பாரு. மூச்சு முட்டுததும் அப்படியே நின்னுபோச்சுல்லா, வலியும் நின்னுபோச்சுல்லா, ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. நான் விடல. எமனுக்குக் கூட அவரக் கொடுக்க எனக்கு மனசு இல்ல. தினம் தினம் உம் மாப்பிள்ளையக் கொண்டாந்து உக்கார வச்சேன். உன் வாசல்ல நின்னப்ப வாய் வந்துது, கூப்பிட்டுருவோமான்னு. வாய மூடிக்கிட்டுத் திரும்பிட்டேன். என் கையும் அதுல இருக்கு."

வடிவு அவள் கையைப் பிடிக்கப் போனாள். சொர்ணக்கிளி கையை இழுத்துக்கொண்டாள்.

"அதுக்காக உன்னைய மன்னிச்சுட்டேன்னு நினைச்சுராத. நீ கதவப் பாதி திறந்து நின்ன நிப்ப நான் சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன். போ, சேலைய மாத்து."

இரண்டு பெண்களும் மத்தியான பஸ்ஸில் ஏறினார்கள். தாலியறுத்தவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வயிற்றுப்பிள்ளைக்காரி தாய்வீடு போவதைப் பார்த்து ஏலக் கூடமே வாயடைத்து நின்றது. நம்பிராஜன் குடோனிலிருந்து ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தான். பிள்ளை பிறந்தாலும் அது வளர்ந்து நிமிர்கிற வரைக்கும் மேலப்புளியூரில்தான் வளரவேண்டும், அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஊர் எல்லையில் நின்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று அங்கேயே பேசி முடிவாயிற்று. சரி என்றான், எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே சரி. பஸ் நகர்ந்தது. வடிவு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவன் போட்டிருந்த கசங்கிய சட்டையையும், அவனைச் சுற்றி அப்போதே கூடைகளோடு வரத் தொடங்கிவிட்ட பெண்களையும் பார்த்தாள்.

"திரும்பிப் பாக்காத, கழுத்து பிடிச்சுக்கிடும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மேலப்புளியூரில் முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் வடிவின் நகம் வளர்ந்தது. பிறகு காதோரம் ஒரு முடி நரைத்தது, முகத்தில் தேமல் வந்தது, ஒரே வாரத்தில் ரவிக்கை பிடித்தது, வயிறு ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அம்மா, தாலியறுத்தவள் தலைப்பிள்ளைக்காரி பக்கத்தில் படுப்பதா என்று முதலில் முணுமுணுத்தாள், பிறகு சொர்ணக்கிளி கால் அமுக்கிவிடுகிற விதத்தைப் பார்த்துத் தன் காலையும் நீட்டினாள். பொறாமைக்கும் வயசாகத் தொடங்கியது. சாயங்காலம் ஆனால் அவன் இப்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்று வடிவு நினைப்பாள், பிறகு நினைக்க மறந்துவிட்டதை மறுநாள்தான் நினைப்பாள், ஒருநாள் சொர்ணக்கிளியிடமே "சுக்க எப்பப் போடணும், கொதிக்கதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டாள். சொர்ணக்கிளி சொல்லிக்கொடுத்தாள். ஆனால் சிரிக்கவில்லை. அவள் மன்னிக்கவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை.

வலி ஒரு விடிகாலையில் எடுத்தது. அத்தனை வருசம் காத்திருந்த பிள்ளைக்கு வெளியே வர அவசரம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக் கட்டிலில், சொர்ணக்கிளியின் கையை எலும்பு நெரிகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு, பாதி வளையல் உடைந்து மெத்தையில் சிதற, வெயில் நன்றாக ஏறிய பிறகு வடிவு பெற்றெடுத்தாள். பெண் பிள்ளை. கத்தின கத்தில் வராந்தாவில் இருந்த ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

நர்ஸ் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி, பக்கத்தில் நின்றது யாரோ அவர் கையில் கொடுத்தாள். நின்றது சொர்ணக்கிளி. வாசலில் இருந்து அம்மா பதறினாள். "ஏ நர்ஸம்மா, முதல்ல அவ கையிலயா கொடுக்கது?"

சொர்ணக்கிளிக்கு அது காதில் விழவில்லை. குழந்தையின் நெற்றியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். கைவிரல்களைப் பிரித்துப் பார்த்தாள், கால்விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், கன்னத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பெற்றவள் இன்னும் முகத்தைக் கூடச் சரியாகப் பார்க்காத பிள்ளையை அவள் முழுசாகப் பார்த்து முடித்துவிட்டாள்.

வடிவுக்குள் சுருக்கென்று ஏறியது. எத்தனையோ வருசம் நான் சுமந்தது, அவள் முதலில் முகர்ந்துவிட்டாள். என்னுடையது, கொடு இங்கே என்று சொல்ல வாயெடுத்து, கையையும் நீட்டினாள். சொர்ணக்கிளி நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, கொடுக்க முடியாமல் நின்றாள்.

வடிவு கையை மடக்கிக்கொண்டாள். நெஞ்சு எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள்.

"வச்சுக்கிடுங்க யக்கா" என்றாள். "எனக்கு அவசரம் இல்ல."